மலை ஓவியங்களில் தூரத்து மலைகளுக்கு ஏன் நீலம் பூசுகிறார்கள்?

நமக்கும் மலைக்கும் நடுவே இருக்கும் காற்று, மலையின் நிறத்தை மாற்றிக் காட்டுகிறது. ஓவியர் அதைத்தான் வரைகிறார். காற்றின் மூலக்கூறுகள் சிவப்பைவிட நீல ஒளியை அதிகம் சிதறடிக்கும். வானம் நீலமாக இருப்பதும் இதனால்தான். மலை இருபது, முப்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தால், வழியெல்லாம் சிதறிய நீலம் அதன் பச்சையின் மேல் படிந்துவிடுகிறது. மெல்லிய திரைச்சீலைகளை வரிசையாகத் தொங்கவிட்டது போல, ஒவ்வொன்றுக்கும் பின்னால் இருப்பது இன்னும் கொஞ்சம் வெளிறும்.

சரி, நீலம் பூசினால் போதுமா? என் கணக்கில் அது பாதி வேலைதான். தூரம் கூடக்கூட நிழலுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசம் குறைய வேண்டும், விளிம்புகளும் மங்க வேண்டும். தூரத்து மலையில் ஒவ்வொரு பாறையையும் கூர்மையாக வரைந்தால் அது கிட்டே ஓடி வந்துவிடும். லியொனார்டோ டா வின்சி இதைப் பற்றித் தன் குறிப்பேடுகளில் விரிவாகவே எழுதியிருக்கிறார்; மோனா லிசாவின் பின்னணியிலும் பார்க்கலாம்.

தூரம் என்றாலே நீலம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் வெயில் பட்டு மின்னும் தூரத்துப் பனிச் சிகரம் லேசான மஞ்சளாகவும் தெரியும். அதன் வெள்ளை ஒளியிலிருந்து நீலம் வழியிலேயே சிதறிப்போய்விடுகிறது.