உலகக் கோப்பை பார்க்காதவர்

அன்புள்ள ஐயா,

அலுவலகத்தில் உலகக் கோப்பைக் கால்பந்தைத் தவிர வேறு பேச்சே இல்லை. எந்த அணி என்று கேட்கிறார்கள். பார்ப்பதில்லை என்றால், துக்க வீட்டிலிருந்து எழுந்து வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். நேற்று ஒரு நண்பர், "உனக்கு ரசனையே கிடையாதா?" என்று கேட்டார். சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் உறுத்துகிறது. குறை என்னிடம்தானா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்களிடம் ஒரு குறையும் இல்லை. எனக்குக் கால்பந்து பிடிக்கும். பிடிப்பதால்தான் இந்த ஆரவாரத்திலிருந்து நானும் விலகினேன்.

1930இல் நடந்த முதல் உலகக் கோப்பையில் 13 அணிகள், 18 ஆட்டங்கள். 2026க்கு 48 அணிகள், 104 ஆட்டங்கள், 39 நாட்கள். வேலையும் தூக்கமும் உள்ள மனிதர் யாரால் முடியும்? நான் ஒன்றிரண்டு ஆட்டங்களை மட்டும் மறுநாள் காலையில் பார்க்கிறேன். முடிவு தெரிந்துவிடாமலிருக்க இரவே கைபேசியை அணைத்துவிடுவேன். வர்ணனையும் வேண்டாம். சத்தம் இல்லாதபோது கண் பந்தை விட்டு நகரும். கார்னர் கிக்குக்கு முன்னால் ஒரு தடுப்பாட்டக்காரர் எதிராளியின் இடுப்பில் புறங்கையை வைத்தபடி, திரும்பிப் பார்க்காமலே அவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று தெரிந்துகொள்வார். எத்தனை வருடமாக இதைக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்!

ரசனை என்றாரே உங்கள் நண்பர், எனக்கு பிரேசில் கோல்கீப்பர் பார்போசா நினைவுக்கு வருகிறார். 1950 உலகக் கோப்பை, ஜூலை 16, பிரேசிலின் மரக்கானா மைதானம். உருகுவேயுடன் டிரா செய்தாலே பிரேசிலுக்குக் கோப்பை. ஆட்டம் தொடங்கும் முன்பே அவர்களைச் சாம்பியன் என்று பத்திரிகையில் அச்சிட்டாயிற்று. 79ஆவது நிமிடம், 1-1. உருகுவேயின் கிஜ்ஜா வலது ஓரமாக ஓடிவருகிறார். முந்தைய கோலின்போது அங்கிருந்துதான் பந்தை நடுவே தள்ளிக் கொடுத்திருந்தார். இப்போதும் அதையே செய்வார் என்று கணித்து பார்போசா சற்றே முன்னால் நகர்கிறார். அவருக்கும் கம்பத்துக்கும் நடுவே பந்து உள்ளே போய்விட்டது. கோப்பை உருகுவேக்குப் போனது.

அந்த ஒரு நகர்வுக்காக 2000இல் இறக்கும்வரை அவரைப் பழித்தார்கள். இந்த நாட்டில் அதிகபட்ச தண்டனையே 30 ஆண்டுதான், நானோ 50 ஆண்டாக அனுபவிக்கிறேன் என்று சொன்னார் அவர். இன்று அதை நினைத்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை. அவர் கணித்தது நியாயமான கணிப்பு. எதிராளி அவரை ஏமாற்றிவிட்டார், அவ்வளவுதான். ஆட்டத்தை ஆட்டமாகப் பார்த்தவர்களுக்கு அது தெரிந்திருக்கும்.

நண்பர்களோடு வாதாட வேண்டாம், கேலியும் வேண்டாம். அவர்கள் சந்தோஷம் உண்மையானது. யாராவது ஒருவர் தனியாக இருக்கும்போது, "எந்த கோல் உங்களுக்குப் பிடித்தது? எப்படி விழுந்தது?" என்று கேளுங்கள். கையால் மேசைமேல் வரைந்து காட்டுவார். உட்கார்ந்து கேளுங்கள். வாட்ஸ்அப் குழுவை மட்டும் இறுதி ஆட்டம் முடியும்வரை மியூட்டில் போட்டுவிடுங்கள்.

அன்புடன்