தீட்சை இல்லாம மந்திரம் ஜபிக்கலாமா? தப்பா சொன்னா கெடுதல் வருமா?

யூடியூப்ல கேட்ட மந்திரத்த தீட்சை, அதாவது குருகிட்ட முறையா உபதேசம் வாங்காம, நாமளே ஜபிக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. எது ஜபிக்கப் போறீங்கங்கறத பொறுத்துதான் பதில். ராம ராம, சிவ சிவ, நாராயணா, முருகா மாதிரி சாமியோட பேர், அதாவது நாமம்னா தாராளமா சொல்லலாம், யார் பர்மிஷனும் வேணாம். ஹ்ரீம், க்லீம்னு பீஜம் (விதை மாதிரி ஒத்தை எழுத்து ஒலி) வர்ற மந்திரம், ஸ்ரீவித்யாங்கற அம்பாள் உபாசனைல வர்ற பதினஞ்சு எழுத்து பஞ்சதசி மந்திரம் இதெல்லாம் குரு இல்லாம தொட வேணாம், அந்த சம்பிரதாயமே அப்படித்தான் சொல்லுது.

தப்பா சொன்னா கெடுதல்ங்கற பயம் எங்கேருந்து வந்துச்சுன்னா, வேதத்துல ஒரு கதை இருக்கு. துவஷ்டாங்கற தேவ சிற்பி இந்திரனைக் கொல்ல ஒரு பிள்ளை வேணும்னு யாகம் பண்றார், மந்திரத்துல ஸ்வரம் மாறிப் போச்சு, அர்த்தம் தலைகீழாகி இந்திரன் கையால சாகுற விருத்திரன் பொறந்துட்டான். ஆனா கவனிங்க, இது ஏத்த இறக்கத்தோட ஓதுற வேத மந்திரத்துக்குச் சொன்னது, அத எடுத்து முருகா முருகான்னு சொல்ற பாட்டிய போய் பயமுறுத்துறது எந்த ஊர் நியாயம்னு எனக்குப் புரியல. நாம ஜபத்தப் பரப்பின மகான் கோவிந்தபுரம் போதேந்திர சுவாமிகள் நாம ஜபத்துக்கு காலம், இடம், தீட்சைன்னு எந்த நியமமும் கிடையாதுன்னே சொல்லிட்டுப் போயிட்டார்.

நமசிவாய கொஞ்சம் நடுவுல நிக்கிற விஷயம். யஜுர் வேதத்துல ஸ்ரீருத்ரத்துக்குள்ள இருக்கு, சைவத்துல தீட்சையோட குடுக்கறதும் உண்டு, அதே சமயம் கல்லோட கட்டி கடல்ல போட்டப்போ அப்பர் பாடின "நற்றுணையாவது நமச்சிவாயவே" பதிகத்த யார் வேணா பாடுறாங்க. ஓம் நமோ நாராயணாயங்கற எட்டெழுத்தும் அப்படித்தான், ராமானுஜர் 18 தடவ திருக்கோஷ்டியூருக்கு நடந்து போய் வாங்கின ரகசியத்த கோயில் மேல ஏறி எல்லாருக்கும் சொன்னார்னு சொல்லுவாங்க, ஆனாலும் வைணவத்துல இன்னைக்கும் பஞ்ச சம்ஸ்காரம்ங்கற தீட்சைச் சடங்குலதான் ஆச்சாரியர் முறையா அத உபதேசம் பண்றார்.

எப்படி ஜபிக்கறதுன்னா மூணு விதம். வாய்விட்டு சொல்றது வாசிகம், உதடு மட்டும் அசையறது உபாம்சு, மனசுக்குள்ள சொல்றது மானசம். மானசம்தான் ஒசத்தின்னு மனு ஸ்மிருதி யாகத்த விட ஆயிரம் மடங்குன்னு கணக்கே போடுது, அத பேங்க் வட்டி மாதிரி எடுத்துக்காதீங்க. எடுத்தவுடனே மானசத்துல உக்காந்தா மனசு ஊர் சுத்தப் போயிடும், அதனால வாய்விட்டு ஆரம்பிச்சு மெல்ல உள்ள போறதுதான் நல்லதுன்னு நான் சொல்லுவேன். மாலை 108 மணி, ருத்ராட்சமோ துளசியோ, ஆள்காட்டி விரல் படாம உருட்டணும், மாலை முடியற எடத்துல தனியா இருக்கற மேரு மணி வந்தா தாண்டாம திருப்பிக்கணும், அவ்ளோதான்.

கோடிக்கணக்குல ஜபம் பண்ணின சமஸ்கிருத பண்டிதர் காவ்யகண்ட கணபதி முனி 1907ல திருவண்ணாமலைல ரமணர்கிட்ட வந்து தவம்னா என்னன்னு கேட்டார். மந்திரம் சொல்லும்போது அந்த ஒலி எங்கேருந்து கிளம்புதுன்னு பாத்தா மனசு அங்கயே லயிச்சுடும், அதான் தவம்னார் ரமணர். மாலை உருட்டுற எல்லாரும் ஒரு தடவ இத முயற்சி பண்ணி பாக்கலாம், இதுக்கும் தீட்சை தேவையில்ல.

பீஜ மந்திரம்தான் வேணும்னு இருந்தா, குடுக்கறவர் யார்கிட்ட வாங்கினார், அவரோட குரு யாருன்னு மொதல்ல கேளுங்க. அதுக்குப் பதில் சொல்லாம ஆன்லைன் தீட்சைக்கு ஜிபே நம்பர் அனுப்பினா வெளிய வந்துருங்க.