கைப்பிடியில் பிரேக் இல்லாத மிதிவண்டி

வணக்கம். உட்ரெக்டில் வாங்கிய பழைய மிதிவண்டியின் கைப்பிடியில் பிரேக்கே இல்லை, ஏமாந்துவிட்டேனோ என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் ஏமாறவில்லை. நெதர்லாந்தின் சாதாரண நகர வண்டிகள் பலவற்றில் பிரேக் பின்சக்கரத்தின் நடுக்குடத்துக்குள்ளேயே அமைந்திருக்கும். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும்.

பெடலைச் சும்மா பின்னால் சுழற்றிப் பழகிய கால்களுக்கு இது முதலில் எரிச்சலூட்டும். சிக்னலில் நின்றபின் பெடலைப் பின்னால் சுற்றி வசதியான நிலைக்குக் கொண்டுவர முடியாது என்பதால், புறப்படும்போது மிதிக்க வேண்டிய பெடல் மேலே இருக்கும்படி பார்த்து வண்டியை நிறுத்தப் பழகுங்கள். தவறிவிட்டால், பின்சக்கரத்தைச் சற்றுத் தூக்கிப் பெடலை முன்னோக்கிச் சுற்றிக்கொள்ளலாம்.

நான் உண்மையில் கவலைப்படுவது சங்கிலியைப் பற்றித்தான். அது கழன்றால் பிரேக்கும் போய்விடும். உங்களிடம் வேறு பிரேக்கும் இல்லை. ஆகவே அது தொய்ந்திருந்தால், ஓட்டுவதற்கு முன்பே கடையில் கொடுத்து இறுக்கிக்கொள்ளுங்கள்.

இருட்டியபின் முன்னால் வெள்ளை அல்லது மஞ்சள் விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் கட்டாயம். சட்டையில் மாட்டும் சிறு விளக்குகளே போதும், ஆனால் அவை மினுக்கக் கூடாது. ஓட்டும்போது கைபேசியைக் கையில் பிடிப்பதும் 2019 ஜூலை முதல் குற்றம்.