நானோத் துகள்கள் படிகமாக அடுக்கிக்கொள்வது: கேள்வி பதில்

உலோக ஆக்சைடு நானோத் துகள்கள் எப்படித் தாமாக அடுக்கிக்கொள்கின்றன என்று கேளுங்கள், சொல்கிறேன் என்றிருந்தேன். பேட்டரி, சன்ஸ்கிரீன் கேள்விகளை ஒதுக்கிவிட்டேன். அது என் துறை இல்லை.

பி.எஸ்சி மாணவி ஒருவர்: துகள்கள் ஒட்டிக்கொண்டால் அது வெறும் திரள்தானே? படிகம் என்று ஏன் சொல்கிறீர்கள் அண்ணா?

நல்ல கேள்வி. திரளில் ஒவ்வொரு துகளும் தன் போக்கில் திரும்பிக் கிடக்கும். நாம் பேசுவதில் பக்கத்துத் துகளின் அணுவரிசையும் இதன் அணுவரிசையும் ஒரே திசையில் ஓடும். 1998-இல் பென், பான்ஃபீல்டு என்ற ஆய்வாளர்கள் இருவரும் அனடேஸ் வகை டைட்டேனியம் டை ஆக்சைடில் இதைக் காட்டினார்கள். அழுத்தக் கலத்தில் வெந்நீரில் வைத்த சில நானோமீட்டர் துகள்கள் முகத்தோடு முகம் ஒட்டி ஒரே படிகமாகியிருந்தன. ஒட்டும்போது இரண்டு பரப்புகள் மறைகின்றன, அவற்றின் ஆற்றல் மிச்சம். லாபம் அதுதான்.

ஆனால் உடனே ஒட்டாது. நடுவில் நீர் மூலக்கூறுகள் படிந்திருக்கும், அவை விலக வேண்டும். 2012-இல் டி யோரியோ குழு திரவக் கலம் வைத்த எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இரும்பு ஆக்சைடு வகைத் துகள்களை (ஃபெரிஹைட்ரைட்) நேரடியாகப் பார்த்தது. இரண்டு துகள்கள் நெருங்கும், திரும்பும், விலகும், மறுபடி திரும்பும். வரிசை பொருந்திய கணத்தில், ஒரு நானோமீட்டருக்கும் குறைவான இடைவெளியைத் தாண்டிச் 'சட்'டென்று ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அந்த ஒட்டிலிருந்து பக்கவாட்டில் அணு அணுவாக இடைவெளி நிரம்பும். கொஞ்சம் கோணலாக ஒட்டினால் அந்த இடத்தில் அணுவரிசை பிசகி நிற்கும். பல படிகக் குறைகளுக்கு அது ஒரு பிறப்பிடம்.

எந்த பி.எச்.-இல் வைத்தால் அழகாக அடுக்கும்?

ஒரே எண் கிடையாது. டைட்டேனியம் டை ஆக்சைடுக்குச் சுமார் 6-இலும் துத்தநாக ஆக்சைடுக்குச் சுமார் 9-இலும் மேற்பரப்பு மின்னூட்டம் சமனாகும். அங்கே போனால் விலக்கம் போய்விடும், துகள்கள் கண்டபடி மோதித் திரளும். வெகுதூரம் தள்ளிப் போனால் நெருங்கவே மாட்டா. இரண்டுக்கும் நடுவில், திரும்பிப் பார்க்க அவகாசம் கிடைக்கும்படி மெதுவாக நெருங்கவிடுங்கள். துத்தநாக ஆக்சைடு அமிலத்தில் கரையும், கடுங்காரத்திலும் கரையும், கவனம்.

கடையில் வாங்கிய 20 நானோமீட்டர் பொடியைத் தண்ணீரில் போட்டு சோனிகேட்டரில் (மீயொலியால் குலுக்கும் கருவி) வைத்தால் ஆகுமா?

ஆகாது. உலர்ந்த பொடி ஏற்கெனவே கெட்டித் திரள். முகமூடி இல்லாமல் அதைத் திறக்காதீர்கள்.

என் மாதிரி பூப்போல வந்திருக்கிறது, படம் இணைத்துள்ளேன். அடுக்கம்தானே?

தெரியாது, உங்களுக்கும் தெரியாது. எத்தனை பேருக்குச் சொல்வது? படத்தில் பூ தெரிவது எதற்கும் ஆதாரமில்லை. ஆய்வு மாணவனாக இருந்தபோது எனக்கும் இப்படி ஒரு படம் வந்தது. துளி காய்ந்த விளிம்பில் துகள்கள் வரிசை கட்டி நின்றன. இரண்டு நாள் தரையில் கால் பாவவில்லை. பிறகு அதே கரைசலைப் பத்து மடங்கு நீர்த்து வைத்தேன், வரிசை மாயம். துளி காயும்போது விளிம்பை நோக்கி ஓடும் நீரோட்டம் துகள்களை இழுத்துப்போய் அடுக்கியிருக்கிறது. சிந்திய காப்பி காய்ந்தால் ஓரத்தில் கறுப்பு வளையம் விழுமே, அதே கதை. முதலில் எலக்ட்ரான் விளிம்பு விலகல் (அணுவரிசையின் திசையைக் காட்டும் படம்) எடுங்கள். புள்ளிகளாகவோ குட்டை வில்களாகவோ வந்தால் பேசலாம், முழு வளையம் வந்தால் திரள்.

பெயர் சொல்லாத ஒருவர்: துகள்கள் செங்கல் மாதிரித் தயாராக வந்து ஒட்டுகின்றன என்பது பழைய கதை. 2021 ஹீமடைட் (ஒரு வகை இரும்பு ஆக்சைடு) ஆய்வைப் பார்க்கவில்லையா?

பார்த்தேன், பிடித்தும் இருந்தது. ஆக்சலேட் கலந்த கரைசலில், ஏற்கெனவே இருக்கும் ஹீமடைட்டின் பரப்புக்குச் சுமார் 2 நானோமீட்டர் தள்ளிப் புதுத் துகள் பிறந்து, அங்கிருந்தே ஒட்டிக்கொள்கிறது. தொலைவிலிருந்து மிதந்து வருவதில்லை. அந்த அமைப்பில் நீங்கள் சொல்வதே சரி.

அதே நபர்: அப்படியானால் எல்லா மீசோபடிகமும் (நானோத் துகள்கள் ஒரே திசையில் அடுக்கி உருவான பெரிய படிகம்) அப்படித்தான்.

இங்கேதான் ஒப்ப மாட்டேன். 2002-இல் துத்தநாக ஆக்சைடில் வெல்லர் குழு செய்ததைப் பாருங்கள். முதலில் சுமார் 5 நானோமீட்டர் உருண்டைகள். கரைசலைச் செறிவாக்கிக் கொதிக்கவிட்ட பிறகு கோல்கள். உருண்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த இடங்கள் இளம் கோல்களின் விளிம்பில் மேடுபள்ளமாகவே தெரிந்தன. கண்முன் தயாராக இருந்த செங்கலை இல்லை என்று எப்படிச் சொல்வது? எந்த வழி என்பது பரப்பில் என்ன ஒட்டியிருக்கிறது, கரைசலில் எவ்வளவு பொருள் மிச்சம் என்பதைப் பொறுத்தது. ஒரு ஆய்வை வைத்து எல்லாவற்றையும் அளப்பது நியாயமில்லை, நண்பரே. நானும் சில காலம் மறுபக்கம் நின்று அதே தவறைச் செய்தேன்.

ஷெரர் சூத்திரத்தில் 12 நானோமீட்டர் வந்தது, நுண்ணோக்கியில் 400. மீசோபடிகம் உறுதிதானே சார்?

இல்லை. ஷெரர் சூத்திரம் எக்ஸ்ரே விளிம்பு விலகலில் வரும் கோட்டின் அகலத்தை வைத்துப் படிக அளவைக் கணிக்கிறது. ஆனால் அந்தக் கோடு அகலமாவதற்குப் படிகத்துக்குள் இருக்கும் திரிபும் காரணமாகலாம். கால்சியம் கார்பனேட்டில் மீசோபடிகம் என்று அறிவித்த பலவற்றை 2014-இல் மறுபடி ஆராய்ந்து கேள்வி கேட்டார்கள். அது ஆக்சைடு அல்ல, ஆனால் நாம் சிக்கும் பொறி அதேதான்.

சார், எனக்கு பி.எச். மட்டும் சொல்லுங்கள்.

மேலே இருக்கிறது. அதோடு, துத்தநாக ஆக்சைடு என்றால் கரைசலிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு துளி எடுத்துக் குளிர்ந்த மெத்தனாலில் நீர்த்து வையுங்கள். எந்த நிமிடத்தில் உருண்டை கோலாகிறது என்று அப்போதுதான் தெரியும்.