பறவைக் காய்ச்சலுக்கு எதிரான ஆன்டிபாடி நம் ரத்தத்தில் இருக்கிறதா என்று எப்படி அளக்கிறார்கள்? அந்த அளவை நம்பலாமா?

எந்த முறையில் அளந்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டால் நம்பலாம். உங்கள் அண்ணன் கோழிப்பண்ணையில் வேலை செய்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நான் சில காலம் வைரஸ் ஆய்வகத்தில் சீரம் (ரத்தத்தில் அணுக்கள் நீங்கிய தெளிந்த நீர்ப்பகுதி) டெஸ்ட் பார்த்தவன்.

வழக்கமான ஃப்ளூ டெஸ்டில் சீரத்தை இரண்டிரண்டு மடங்காக நீர்த்துக்கொண்டே போவோம். அதில் வைரஸையும், பிறகு கோழி அல்லது வான்கோழியின் சிவப்பணுவையும் சேர்ப்போம். வைரஸ் சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும்; ஆன்டிபாடி இருந்தால் ஒட்டவிடாது. கடைசியாக எந்த நீர்ப்பு வரை தடுக்கிறதோ அதுதான் டைட்டர்: 10, 20, 40, 80 என்று போகும்.

1997இல் ஹாங்காங்கில் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் வந்து 18 பேரைத் தாக்கியது. 6 பேர் இறந்தார்கள். யாருக்கெல்லாம் தொற்று வந்துபோனது என்று தேடும்போது, மனித சீரத்தில் இருந்த எச்5 ஆன்டிபாடியை இந்த டெஸ்ட் சரிவரக் காட்டவில்லை. காரணம் சிவப்பணுதான். செல்லின் மேல் வைரஸ் பிடித்துக்கொள்ளும் சர்க்கரைப் பொருளுக்கு சியாலிக் அமிலம் என்று பெயர். பறவை வைரஸ் பிடிப்பது அதில் ஒரு வகை, மனித ஃப்ளூ பிடிப்பது இன்னொரு வகை. வான்கோழி ரத்தத்தில் இரண்டும் கலந்திருக்கும். குதிரை ரத்தத்தில் இருப்பது பெரும்பாலும் பறவை வைரஸுக்குப் பிடித்த வகை. குதிரைச் சிவப்பணுவுக்கு மாறியதும் மறைந்திருந்த ஆன்டிபாடி தெரிய ஆரம்பித்தது. இந்த ஒரு மாற்றம் எவ்வளவு பெரியது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

இன்னொரு முறை, உயிருள்ள வைரஸை சீரத்தோடு கலந்து, அது செல்களைத் தாக்குகிறதா என்று பார்ப்பது. நம்பகமானது. ஆனால் ஆபத்தான கிருமிகளைக் கையாளும் பிஎஸ்எல்-3 பாதுகாப்புக் கூடம் வேண்டும். அது எல்லா ஊரிலும் இல்லை.

எதிர்ப்பக்கத் தொல்லையும் உண்டு. நம் எல்லோருக்கும் சாதாரண ஃப்ளூ வந்துபோயிருக்கும். அந்தப் பழைய ஆன்டிபாடி எச்5 வைரஸிலும் கொஞ்சம் ஒட்டலாம். அதனால் ஒரே டெஸ்டில் பாசிட்டிவ் வந்தால் போதாது, வேறு முறையிலும் உறுதிசெய்ய வேண்டும். 2024இல் அமெரிக்காவின் மிச்சிகன், கொலராடோ மாநிலங்களில் பறவைக் காய்ச்சல் பரவிய மாட்டுப் பண்ணைகளில் 115 தொழிலாளர்களை இப்படிச் சோதித்தபோது 8 பேருக்குத் தொற்று வந்துபோயிருந்தது தெரிந்தது. அதில் 4 பேருக்கு உடம்புக்கு முடியாமல் போனதாக நினைவே இல்லை. எட்டுப் பேருமே பால் கறந்தவர்கள், அல்லது கறவைக் கூடத்தைக் கழுவியவர்கள். அவர்களுக்குக் கண்ணாடியும் கையுறையும் முகக்கவசமும் முதல் நாளிலிருந்தே கிடைத்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

சரி, டைட்டர் குறைவாக வந்தால் பாதுகாப்பே இல்லையா? அப்படிச் சொல்ல முடியாது. சாதாரண ஃப்ளூவில் 40 என்றால் ஏறக்குறைய பாதிப் பாதுகாப்பு என்று கணக்கு. எச்5க்கு அப்படி உறுதியான எண் எதுவும் இல்லை. சிவப்பணு டெஸ்ட் காட்டுவது பெரும்பாலும் வைரஸின் மேலிருக்கும் எச் என்ற புரதத்தின் தலைப்பகுதியில் ஒட்டும் ஆன்டிபாடியை மட்டும்தான். வைரஸின் மேல் என் என்று இன்னொரு புரதமும் உண்டு. 2009 பன்றிக்காய்ச்சல் வைரஸிலும் அதன் என்1 வகை இருந்ததால், அதைச் சந்தித்த பலரிடம் எச்5என்1இன் என்1மீதும் ஓரளவு ஒட்டும் ஆன்டிபாடி இருக்கிறது. அது இந்த எண்ணில் வராது.

அண்ணனுக்கு இப்போது சும்மா ஆன்டிபாடி பார்க்கத் தேவையில்லை. பண்ணையில் கோழிகள் திடீரெனச் சாக ஆரம்பித்து, அவருக்குக் காய்ச்சலோ கண் சிவப்போ வந்தால், உடனே அரசு மருத்துவமனைக்குப் போய், தான் செய்யும் வேலையைச் சொல்லி, ஸ்வாப் எடுத்து பிசிஆர் பார்க்கச் சொல்லுங்கள். ஆன்டிபாடி எழும்ப இரண்டு மூன்று வாரம் ஆகும்; சிகிச்சை அதுவரை காத்திருக்கக் கூடாது.