நிரம்பி வழிந்த மழைமானி: நோட்டில் என்ன எழுதுவது?

கேள்வி: இலையுதிர்காலம் தொடங்கியதிலிருந்து மூன்று வாரமாக மழை விட்டபாடில்லை. தோட்டத்து மழைமானியில் தினமும் அளந்து எழுதுகிறேன். இரண்டு நாள் வெளியூர் போய் வந்து பார்த்தால் மானி நிரம்பி வழிகிறது. அந்த அளவை இரண்டாகப் பிரித்து எழுதலாமா?

பதில்: பிரிக்காதீர்கள். முதல் நாள் தூறலும் மறுநாள் கொட்டித் தீர்த்ததுமாக இருந்திருக்கலாம். இரண்டு தேதிகளையும் ஒரே அடைப்புக்குள் போட்டு, மானியின் கொள்ளளவு 50 மி.மீ. என்றால் ‘50-க்கு மேல், வழிந்தது’ என்று எழுதுங்கள். வழியாமல் இருந்திருந்தால் மொத்த அளவை எழுதி, ‘இரண்டு நாள் சேர்த்து’ என்று குறித்தால் போதும்.

இனி வெளியூர் போகும்போது பக்கத்தில் ஒரு வாளியையும் வைத்துவிட்டுப் போங்கள். வாளி அடியில் குறுகலாக இருப்பதால் ஸ்கேலை விட்டு ஆழம் பார்த்தால் தப்பாக வரும். தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றி அளக்க வேண்டும். கணக்குக்கு வாளியின் வாய் மட்டும்தான் முக்கியம். வாய் 20 செ.மீ. விட்டம் என்றால் பரப்பு 314 சதுர செ.மீ.; அதில் 314 மி.லி. சேர்ந்தால் 10 மி.மீ. மழை. குவளை இல்லையா, சமையலறைத் தராசில் நிறுத்துவிடுங்கள். ஒரு கிராம் ஒரு மி.லி.தான்.

இந்தப் பருவத்தில் இன்னொரு தொல்லை, இலை. புனலின் கழுத்தில் ஈரமான ஒரு இலை ஒட்டிக்கொண்டால் போதும், இன்றைய மழை சொட்டுச் சொட்டாக இறங்கி நாளைக் கணக்கில் சேர்ந்துவிடும். மழையில்லாத நாளிலும் புனலைப் பாருங்கள். அன்று ‘0.0’ என்று எழுதுங்கள். கட்டத்தைக் காலியாக விட்டால், மழை இல்லையா, நீங்கள் பார்க்கவில்லையா என்பது பிறகு உங்களுக்கே தெரியாது. மானியில் அளவாகச் சேராத தூறலுக்கு ‘தூறல்’ என்ற சொல்லே போதும்.

தினமும் ஒரே நேரத்தில் பாருங்கள். காலையில் எடுக்கும் அளவை அன்றைய தேதியில் போடுகிறீர்களா, முந்தைய தேதியிலா என்பதை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். இது நாட்டுக்கு நாடு மாறும். அருகிலுள்ள வானிலை நிலையத்தின் கணக்கோடு ஒத்துப்போகவில்லை என்று பலர் குழம்புவது பெரும்பாலும் இதனால்தான்.

தேதி சரியாக இருந்தும் அளவு வேறாக வந்தால்? மரமோ சுவரோ அதன் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரியென்றால் உங்கள் எண்ணை மாற்றாதீர்கள். ஒரு தெருவில் பெய்து அடுத்த தெருவில் பெய்யாத மழையும் உண்டு.