பிள்ளைகளுக்கு ஏற்ற பள்ளிக் கழிப்பறை: கட்டிட மேற்பார்வையாளர் பதில்கள்

புதுக் கழிப்பறை கட்டி ஆறு மாதமாகிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இன்னும் வேப்பமரத்தடிக்கே ஓடுகிறார்கள். (ஆசிரியை)

டீச்சர், கால் வைத்து உட்காரும் பீங்கான் பேசினை அளந்து பார்த்தீர்களா? பெரியவர்களுக்கான பேசினில் ஐந்து வயதுப் பிள்ளை காலை அகட்டித் தள்ளாடிக்கொண்டுதான் உட்கார வேண்டும். உள்ளே விழுந்துவிடுவோமோ என்று பயம். நான் கட்டிய ஒரு பள்ளியில் ஒரு சிறுமி பிடிமானத்துக்குத் தண்ணீர்க் குழாயைப் பிடித்துத் தொங்கியிருக்கிறாள். குழாய் கையோடு வந்துவிட்டது. திட்டு அவளுக்கு விழுந்தது, விழுந்திருக்க வேண்டியது எனக்கு. அதன்பிறகு உட்கார்ந்த பிள்ளையின் மார்பு உயரத்தில், எதிர்ச்சுவரில் ஒரு கம்பி பதிக்காமல் நான் வேலையை முடிப்பதில்லை. புதிதாகக் கட்டுபவர்கள் சிறுவர் பேசினே கேட்டு வாங்குங்கள்.

என் மகன் பள்ளியில் தண்ணீரே குடிப்பதில்லை. வீட்டுக்கு வந்ததும் கழிப்பறைக்கு ஓடுகிறான். (ஒரு தாய்)

அடக்கிக்கொள்கிறான் அம்மா. தொடர்ந்து அடக்கினால் சிறுநீர்த் தொற்று வரலாம், மலச்சிக்கலும் வரலாம். மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். பள்ளியில் இடைவேளைக்கு மட்டும்தான் அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். 40 பிள்ளைகளுக்கு ஒரு கழிப்பறை என்றே வைத்துக்கொள்வோம்; ஆளுக்கு ஒரு நிமிடமானாலும் பத்து நிமிட இடைவேளையில் பத்துப் பேர்தான் போக முடியும். சிறு பிள்ளைகளைக் கேட்டபோது அனுப்ப வேண்டும்.

ஒரு குழந்தை உள்ளே தாழிட்டுக்கொண்டு திறக்கத் தெரியாமல் அழுதது. தாழ்ப்பாளையே கழற்றிவிடலாமா? (பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்)

வேண்டாம். கதவைத் தள்ளிவிட்டு ஓடும் குறும்புக்காரப் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. தாழ்ப்பாளை இரண்டரை அடி உயரத்துக்கு இறக்குங்கள். வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கும் வகை கடையில் கிடைக்கும். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே பிள்ளை விழுந்துகிடந்தாலும் தடைபடாது. கதவின் அடியில் அரை அடி இடைவெளி விடுங்கள். டீச்சரின் செருப்பு தெரிந்தாலே பாதி அழுகை நின்றுவிடும்.

நாற்றம் போக ஆசிட் ஊற்றுகிறோம், போகவில்லை. (தலைமையாசிரியர்)

ஆசிட் டைல்ஸ் இடுக்கிலுள்ள சிமெண்டை அரித்துவிடும். அரித்த இடத்தில் சிறுநீர் ஊறும், நாற்றம் கூடும். கூடவே பிளீச்சிங் பவுடரும் போட்டால் நச்சு வாயு கிளம்பும். சோப்புத்தூளும் பிரஷும் போதும், தினமும் தேய்க்க வேண்டும்.

சுவரில் முயல், யானை எல்லாம் வரையலாமா? (அதே ஆசிரியை)

தாராளமாக. ஆனால் கையில் இருக்கும் பணம் ஒரு வேலைக்குத்தான் என்றால், முதலில் உள்ளே இருட்டு போக ஒரு பல்பு போடுங்கள்.